சங்க மேடையில் டிரம்ஸ் வாசிக்கலாமா?

சென்ற செயற்குழுக் கூட்டத்தில் பொங்கல் விழா நிகழ்ச்சி நிரல் பற்றிப் பேச்சு வந்தபோது, நம் பிள்ளைகள் நான்கைந்து பேர் எழுந்து நின்று, 'பேண்டு' நிகழ்ச்சிக்கு நாற்பது நிமிடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார்கள். கிடார், கீபோர்டு, வயலின், டிரம்ஸ் எல்லாம் உண்டாம். வழக்கம்போல் இரண்டு ஆட்சேபங்கள் எழுந்தன. சங்கத்தின் மூத்தவர் ஒருவர், "பாட்டுப் பட்டியலில் பாதி தெலுங்கு. தமிழ்ச் சங்க மேடையில் எதற்கு ஐயா?" என்றார். இன்னொருவர், தியாகராஜ கீர்த்தனையை டிரம்ஸோடு பாடுவது அபசாரம் என்றார். முடிவு எதுவும் எடுக்காமல் காப்பி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு உறக்கம் வரவில்லை. காரணம் இருக்கிறது. இதே கோரிக்கை 2018 பொங்கலின்போதும் வந்தது. அப்போது "வேண்டாம்" என்று உரக்கச் சொன்ன ஆள் அடியேன்தான். ஆகவே இதைக் கட்டுரை என்று கொள்வதைவிட, என் கட்சியை மாற்றிக்கொண்டேன் என்பதற்கான அறிவிப்பு என்றே அன்பர்கள் கொள்ளலாம்.

அந்த வருடம் பிள்ளைகள் பாட விரும்பியது 'அகம்' என்ற குழுவின் பாட்டு. பெயர் நல்ல தமிழ்ப் பெயர். ஊர் பெங்களூரு. கணினித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே பாடத் தொடங்கியவர்கள். 2003-இல் சேர்ந்தவர்கள், சன் டி.வி.யில் ஏ.ஆர்.ரஹ்மானை முன்னிறுத்தி நடந்த 'ஊ லலலா' இசைக்குழுப் போட்டியில் வென்ற பிறகு வெளியே தெரிந்தார்கள். பாடுகிறவர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன், வயலினும் வாசிப்பார். வேலையை விட்டுவிட்டுக் கிடாரைத் தூக்கிக்கொண்டு அலைகிறானே என்று கவலைப்படும் பெற்றோர், வேலையை விடாமலே பெயர் வாங்கிய இவர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. இதை மருத்துவக் குறிப்புபோல் சொல்லி வைக்கிறேன்.

இவர்களுடைய முதல் இசைத் தொகுப்பு 2012-இல் வந்தது. இரண்டாவது, 'எ ட்ரீம் டு ரிமெம்பர்', 2017-இல். மூன்றாவதும் வந்துவிட்ட இந்த நாளில் நான் இரண்டாவதைப் பற்றியே பேசுவதற்குக் காரணம், அதுதான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. பொதுவாக முதல் தொகுப்பைப் பத்து வருடம் யோசித்து, மேடை மேடையாகப் பாடிப் பார்த்துச் செய்துவிடலாம். இரண்டாவதில்தான் சரக்கு எவ்வளவு என்று தெரியும். முதல் தொகுப்பில் நான் கேட்ட அளவுக்கு, எங்களால் இதுவும் முடியும் என்று காட்டுகிற துடிப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. இரண்டாவதில் ராகத்தை அதன் போக்கில் நடக்க விட்டிருக்கிறார்கள். இது சங்கீதம் முறையாகப் படிக்காத ஒருவனின் அபிப்பிராயம், படித்தவர்கள் மறுக்கலாம்.

அந்தத் தொகுப்பில் 'மிஸ்ட் ஆஃப் காப்ரிகார்ன்' என்று ஒரு பாட்டு. இங்கிலீஷ் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். உள்ளே இருப்பது தியாகராஜரின் 'மனவ்யாலகிஞ்ச ராததே'. நளினகாந்தி ராகம். பெயரைச் சொன்னால் தெரியாதவர்களுக்கும் காதுக்குத் தெரிந்த ராகம்தான் இது. 'கலைஞன்' படத்தில் இளையராஜாவும், 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' தலைப்புப் பாட்டில் ரஹ்மானும் இதே ராகத்தில்தான் மெட்டுப் போட்டிருக்கிறார்கள். ஏறும்போது நேராக ஏறாது. காந்தாரத்தைத் தொட்டுவிட்டு ரிஷபத்துக்குத் திரும்பி வந்து, பிறகு மத்யமத்துக்குத் தாவும். தைவதம் கிடையாது. அந்தத் திருப்பமும் தாவலும்தான் அதன் அழகு. சஹானா, பேகடா மாதிரி ஒவ்வொரு சுரத்தையும் குழைத்துக் குழைத்துப் பாட வேண்டிய ராகத்தைக் கிடாரில் வைத்தால் பாதி போய்விடும் என்று எனக்குத் தோன்றும். நளினகாந்தி துள்ளி நடக்கிற ராகம். கிடார் கம்பிக்கு ஒத்துவருகிறது. யோசித்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் இப்போது பேசுகிற பேச்சு. 2018-இல் நான் அந்தப் பாட்டைக் கேட்கவே இல்லை. கேட்காமலே வேண்டாம் என்றேன்.

என் மகனோடு படித்த ஒரு பையன்தான் அந்தக் குழுவில் கிடார் வாசிப்பதாக இருந்தது. கூட்டத்துக்கு அலைபேசியைக் கொண்டு வந்து, "ஒரு நிமிஷம் கேட்டுட்டுச் சொல்லுங்க அங்கிள்" என்று நீட்டினான். "எனக்குத் தெரியாத தியாகராஜரா?" என்று கேட்டேன். சபையில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பையன் நம் சங்கத்து விழா எதற்கும் வந்ததில்லை. அவன் பெற்றோர் மட்டும் வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து, சாப்பாட்டுக்கு நிற்காமல் போய்விடுவார்கள்.

ஆறு மாதம் கழிந்தது. மாங்காய்ப் பருவம் முடிந்த ஆடி மாதம். நான் மாம்பழக் கூழ் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன் என்பது பலருக்குத் தெரியும். கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும் மூன்று மாதமும் எங்களுக்கு இரவு பகல் கிடையாது. அது முடிந்துதான் வெளியூர் போக நேரம் கிடைக்கும். பெங்களூரில் ஒரு உறவினர் வீட்டு வளைகாப்பு. மகன் காரை ஓட்ட, அவன் பக்கத்தில் நான், பின்னால் என் அம்மாவும் மனைவியும்.

அம்மாவுக்கு அப்போது எழுபத்தாறு. கும்பகோணத்துப் பக்கம் பிறந்து, பத்து வயதில் வீட்டுக்கு வந்த பாட்டு வாத்தியாரிடம் நான்கு வருடம் கற்றவர். கல்யாணத்தோடு பாட்டுக் கச்சேரி எல்லாம் அடுப்பங்கரைக்குள் முடிந்துபோனது. ஆனாலும் அரிசி களையும்போதும் பூத்தொடுக்கும்போதும் நான்கைந்து கீர்த்தனைகள் அவர் வாயில் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு வேலை கிடைத்து 1988-இல் இங்கே வந்தபோது அம்மாவும் கூட வந்தார். முப்பது வருடம் இருந்தும் தெலுங்கு அவருக்குக் காய்கறிக்காரியிடம் பேரம் பேசுகிற அளவோடு நின்றுவிட்டது. "வங்காய எந்தம்மா" என்பதோடு சரி.

மொகிலி மலைப்பாதை தாண்டி, பலமனேர் நெருங்கும்போது மகன் அந்தப் பாட்டைப் போட்டான். என்னைச் சீண்டுவதற்காகத்தான் போட்டான் என்று இப்போதும் நினைக்கிறேன். டிரம்ஸ் அதிர்ந்தது. நான் முகத்தைச் சுளித்தேன். பல்லவி தொடங்கியதும் பின்னாலிருந்து அம்மா, "இது நம்ம பாட்டாச்சே" என்றார். பிறகு மெல்லக் கூடப் பாட ஆரம்பித்தார். அந்த வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியது. மகன் சத்தத்தைக் குறைத்தான். "குறைக்காதடா, இருக்கட்டும்" என்றார்.

பாட்டு முடிந்ததும் மகன் கேட்டான், "பாட்டி, இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?"

"ராமர்கிட்ட என்னமோ வேண்டிக்கறார்."

"ராமர்கிட்ட இல்ல பாட்டி. மனசுகிட்ட. 'என் மனவியைக் கேக்கக் கூடாதா, ரகசியத்தையெல்லாம் உனக்குச் சொல்றேனே'ன்னு தன் மனசுகிட்டயே கேக்கறார். நம்ம பஸ் ஸ்டாண்டு போர்டுல 'பிரயாணிகுலகு மனவி'ன்னு எழுதியிருக்குமே, அந்த மனவி."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அறுபது வருடத்துக்கு மேலாகப் பாடிய பாட்டு. வாத்தியார் தமிழில் எழுதிக் கொடுத்த நோட்டில் பதத்தைத் தப்பாகப் பிரித்து எழுதியிருக்க வேண்டும். 'மன' என்று ஒரு சொல், 'வ்யால' என்று ஒரு சொல் என்றே அவர் மனதில் பதிந்திருந்தது. முளபாகல் தாண்டும்போது, "மனசுகிட்டயா கேட்டார்?" என்று தனக்குள்ளே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, "அதை இன்னொரு தடவை போடுடா" என்றார். கோலார் வருவதற்குள் நான்கு தடவை போட்டாயிற்று. நான்காவது தடவை நானும் சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அன்பர்கள் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். தஞ்சை மண்ணில் பிறந்து, காவிரித் தண்ணீர் குடித்து, பாடாந்தரம் கற்ற என் அம்மாவுக்கு அந்தப் பாட்டின் பொருள் தெரியவில்லை. சித்தூரில் தெலுங்கு படித்து, பஸ் ஸ்டாண்டு போர்டைப் பார்த்து வளர்ந்த பையனுக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படிக்கிறார்களே, தமிழ் போய்விடுமே என்று நாம் எத்தனை கூட்டத்தில் புலம்பியிருக்கிறோம்! அந்தப் புலம்பலில் நியாயம் உண்டு. ஆனால் நம் பிள்ளைகளுக்கு இரண்டு காது இருப்பதன் லாபத்தை நாம் ஒரு நாளும் கணக்கில் எழுதியதில்லை. கணக்கு எழுதுகிறவனாகிய நானும்கூட எழுதவில்லை.

தெலுங்குப் பாட்டு எதற்கு என்று கேட்ட மூத்தவருக்கு மிகுந்த மரியாதையோடு ஒன்று சொல்ல விரும்புகிறேன். 1767-இல் திருவாரூரில் பிறந்து 1847-இல் திருவையாற்றில் மறைந்த தியாகராஜரின் குடும்பப் பெயர் காகர்ல. ஆந்திரத்திலிருந்து தஞ்சைக்கு வந்து குடியேறிய குடும்பம். வெளியே தமிழ், வீட்டில் தெலுங்கு. வீட்டு மொழியைத் தலைமுறை தலைமுறையாக விடாமல் வைத்திருந்ததால்தான் அந்தப் பாட்டுகள் பிறந்தன. அவர்கள் வடக்கிலிருந்து தெற்கே போனார்கள், நாம் தெற்கிலிருந்து வடக்கே வந்தோம். நாம் இங்கே வீட்டில் தமிழைக் காப்பாற்ற என்ன பாடு படுகிறோமோ, அதே பாட்டை அங்கே பட்டவர்கள் அவர்கள். அவரை அந்நியர் என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது.

நாம் இருக்கிற ஊரும் அப்படிப்பட்டதுதானே. தொல்காப்பியப் பாயிரம் தமிழுலகத்துக்கு வடக்கெல்லையாக வேங்கடத்தைச் சொல்கிறது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை இது வட ஆர்க்காட்டின் தலைநகரம். 1953-க்குப் பிறகு ம.பொ.சி. வடக்கெல்லைக்காகப் போராடியதும், படாஸ்கர் தீர்ப்பின்படி 1960-இல் திருத்தணி அந்தப் பக்கம் போனதும், சித்தூரும் திருப்பதியும் இந்தப் பக்கமே நின்றதும் மூத்தவர்கள் அறிந்த கதை. கோடு எங்கே விழுந்தாலும் பாட்டு அதை மதித்ததாகத் தெரியவில்லை. அன்னமாச்சாரியாரின் பாடல்களை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்த குரல், மதுரையில் பிறந்த எம்.எஸ். அம்மாவின் குரல். அவருக்குத் திருப்பதி நகரத்தில் சிலை நிற்கிறது. நம் பஸ்ஸெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன.

டிரம்ஸ் அபசாரம் என்றவருக்கு இவ்வளவு விரிவான பதில் தேவையில்லை. இன்று வயலின் இல்லாமல் கச்சேரி உண்டா? அது வெள்ளைக்காரன் வாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னைப் பக்கம் இருந்தபோது ஐரோப்பியர் ஒருவரிடம் கற்று, நம் சங்கீதத்துக்குக் கொண்டு வந்தவர்களில் ஒருவர். முத்துசுவாமி தீட்சிதரே இங்கிலீஷ் பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதியிருக்கிறார். நோட்டுசுரம் என்று குழந்தைகளுக்கு இன்றும் சொல்லிக் கொடுக்கிறோமே, அதுதான். அந்தத் தீட்சிதரின் 'ரங்கபுர விஹாரா'வும் இந்த இரண்டாவது தொகுப்பில் இருப்பது வேடிக்கையான பொருத்தம். எம்.எஸ். அம்மா குரலில் அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு முதல் தடவை ஒட்டாது. எனக்கும் ஒட்டவில்லை. இன்னும் முழுதாக ஒட்டவில்லை என்பதே உண்மை. பிருந்தாவன சாரங்கா சாயங்கால வேளையில் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டிய ராகம் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

ஆக, நான் இந்தத் தொகுப்புக்குக் கொடிபிடிக்க வரவில்லை. குறையும் உண்டு. பல இடங்களில் சாகித்தியம் வாத்தியத்துக்கு அடியில் மூழ்கிப் போகிறது. பொருள் தெரிந்தால்தான் என் அம்மாவுக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கும் கிடைக்கும். சொல்லே காதில் விழாவிட்டால் எப்படி? இன்னொன்று, தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட குழுவின் பேர்பெற்ற பாட்டுகளில் தமிழுக்குக் கிடைத்திருக்கும் இடம் போதாது. 'கூத்து ஓவர் காபி' என்று அதே தொகுப்பில் ஒரு பாட்டுக்குத் தலைப்பு வைத்திருக்கிறார்கள். கூத்தும் காப்பியும் ஒன்றாகக் கண்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தொடங்கியபோது ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முதலியோர் கேட்ட கேள்வி இன்றும் பழசாகவில்லை. முத்துத்தாண்டவர் இருக்கிறார், அருணாசலக் கவிராயர் இருக்கிறார், கோபாலகிருஷ்ண பாரதி இருக்கிறார். நந்தன் தில்லைக்குப் போகத் துடித்த துடிப்புக்கு டிரம்ஸ் பொருந்தாதா என்ன? எனக்கென்னவோ தியாகராஜருக்குப் பொருந்துவதைவிட நன்றாகப் பொருந்தும் என்று படுகிறது.

ஆனால் இந்தக் குறையைப் பெங்களூர்க் குழுவிடம் போய்ச் சொல்லிப் பயனில்லை. அவர்கள் அவர்களுக்குப் பிடித்ததைப் பாடுகிறார்கள். நம் பிள்ளைகளிடம் சொல்லலாம். சொல்வதற்கு அவர்கள் நம் எதிரில் இருக்க வேண்டும். நாற்பது நிமிடம் கேட்கும் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, "நந்தனார் பாட்டும் பாடுங்களேன்" என்று யாரிடம் சொல்வது? நம் விழாக்களில் இப்போது முன்வரிசை முழுக்க வெள்ளைத் தலை. என் தலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பட்டிமன்றத்துக்குத் தலைப்பு மாறுகிறது, பேசுகிறவர்கள் மாறுவதில்லை. பிள்ளைகளைக் கோலப் போட்டிக்கும் நாற்காலி எடுத்துப் போடவும் மட்டும் கூப்பிடுகிறோம்.

எனவே செயற்குழுவுக்கு என் யோசனை இதுதான். நாற்பது நிமிடத்தையும் கொடுத்துவிடுங்கள். பட்டியலை நாம் திருத்த வேண்டாம். தெலுங்குப் பாட்டு பாடினால், பாடுவதற்கு முன் அதன் பொருளை ஒரு பிள்ளை நல்ல தமிழில் இரண்டு நிமிடம் சொல்லட்டும். பெரியவர்கள் எத்தனையோ வருடமாகப் பொருள் தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம், தெரிந்துகொள்வோம். ஒரே ஒரு பாட்டாவது தமிழ்க் கீர்த்தனையாக இருக்கட்டும் என்று கேட்டுப் பார்ப்போம். உத்தரவாகச் சொல்லாமல் மனவியாகவே வைப்போம்.

என் அம்மா 2022-இல் காலமானார். கடைசி வருடங்களில் அரிசி களையும் வேலையெல்லாம் மருமகளிடம் போய்விட்டது. வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பாட்டு மட்டும் அவ்வப்போது வரும். முன்பு ஓடிய வேகத்தில் ஓடாது. 'மனவி' என்ற இடத்தில் நிறுத்தி, அதைத் தனியாக, முழுச் சொல்லாகச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார்.

கூட்டம் முடிந்த மறுநாள் அந்தப் பழைய கிடார்ப் பையனுக்கு நானே தொலைபேசி செய்தேன். பெங்களூரில் வேலை, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. 2018-இல் கேட்காமல் மறுத்தது என் தப்பு என்று சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பொங்கலுக்கு லீவு கிடைக்குமான்னு பாக்கறேன் அங்கிள்" என்றான். பிறகு, "நம்ம ஹால்ல டிரம்ஸ் வைக்க இடம் இருக்கா?" என்று கேட்டான். நான் போய் அளந்து பார்த்தேன். மேடையின் இடது பக்கம் திருவள்ளுவர் படத்துக்குக் கீழே நன்கொடை வாங்கும் மேசை போடுகிறோமே, அதைக் கீழே இறக்கிவிட்டால் தாராளமாக இடம் இருக்கிறது. மேசையைத் தூக்க ஆள் இல்லை என்று செயலாளர் சொல்ல வேண்டாம். நான் காலையிலேயே வந்துவிடுகிறேன்.